மரக்கலங்களும் மாதிரிக் கலங்களும்

மனிதன் முயன்று கட்டும் பொருள்களுள் மரக்கலத்தைப் போல விரைவில் அழிவது வேறொன்று இல்லை எனலாம். கற்கோயில் ஆயிரம் ஆண்டு நிற்கும். செப்பேடு மண்ணுக்குள் கிடந்தும் எழுத்து மாறாமல் வெளிவரும். கலமோ நீரில் இறங்கிய அன்றே தன் முடிவை நோக்கிச் செல்லத் தொடங்குகிறது. கப்பற்புழு அதன் அடிப்பலகையைத் துளைக்கும், புயல் உடைக்கும், பகைவன் எரிப்பான். இவை அனைத்திற்கும் தப்பிய கலத்தை, முதுமை எய்தியதும், உடையவனே பிரித்து விறகாக்குவான். 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றில் பெருமிதத்தோடு உலாவிய நீராவிப் படகுகளின் சராசரி ஆயுள் ஐந்தாண்டு கூட இல்லை. நீருக்குள் மறைந்து கிடந்த மரங்களில் மோதியும், கொதிகலன் வெடித்தும், தீப்பற்றியும் அவை ஒவ்வொன்றாக மறைந்தன.

கலம் அழியும்போது அதைக் கட்டிய முறையும் பெரும்பாலும் உடன் அழிந்துவிடுகிறது. ஓடாவி எனப்படும் படகுத் தச்சர், பல நாடுகளிலும், வரைபடம் பார்த்து வேலை செய்தவர் அல்லர். அளவு அவர் கண்ணில் இருந்தது; கணக்கு அவர் நினைவில் இருந்தது; தந்தையிடம் கண்டதை மகன் செய்தான். அந்தத் தொடர் ஒரு தலைமுறையில் அறுந்தால், மறு தலைமுறையில் கேட்டறிய ஆள் இல்லை.

அவ்வாறாயின், நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஓடிய படகின் அமைப்பை இன்று நாம் எங்ஙனம் அறிகிறோம்? ஓவியமும் சிற்பமும் ஓரளவு கூறும். அவற்றோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்க சான்று மற்றொன்று உண்டு. அதுவே மாதிரிக் கலம். பெரிய கலம் நீரில் அழிந்தது. அதன் வடிவில் செய்த சிறிய கலம் கரையில் இருந்து பிழைத்தது.

இன்று உலகெங்கும் எண்ணற்றோர் ஓய்வு நேரத்தில் மரத்தால் சிறு கப்பல்களையும் ஆற்றுப் படகுகளையும் செய்து மகிழ்கின்றனர். இதனைச் சிறுவர் விளையாட்டு என்று ஒதுக்குவோரும் உளர். இக்கலையின் வரலாற்றை நோக்குவோர் அவ்வாறு ஒதுக்கமாட்டார்கள்.

நைல் நதியின் சிறு படகுகள்

1920-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் எகிப்தில் தீப்சு நகரத்துக்கு எதிர்க்கரையில், நியூயார்க்கு மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த எர்பர்ட்டு வின்லாக்கு என்பார் ஒரு பழைய கல்லறையை ஆராய்ந்துகொண்டிருந்தார். அது மெகெத்ரே என்னும் உயர் அலுவலருடையது. கள்வர்கள் அதனை முன்னரே சூறையாடியிருந்தனர். கல்லறையின் தரைப்படம் எடுப்பதற்காகக் குப்பையை அகற்றியபோது, கற்பொடி ஓர் இடுக்கின் வழியே உள்ளே வழிந்து மறைவதைப் பணியாளர்கள் கண்டனர். வின்லாக்கு அவ்விடுக்கில் விளக்கொளியைச் செலுத்திப் பார்த்தார். நாலாயிரம் ஆண்டுகளாக எவர் கண்ணும் படாத சிறு அறை ஒன்று உள்ளே இருந்தது. அதில் மரத்தால் செய்து வண்ணம் தீட்டிய 24 மாதிரிகள் நிறைந்திருந்தன. அவற்றுள் ஏறத்தாழப் பாதி படகுகள்.

மறுமையிலும் தலைவன் நைல் நதியில் செல்லவேண்டும் என்ற நம்பிக்கையால் வைக்கப்பட்டவை அவை. பயணப் படகு உண்டு. அதன் பின்னே செல்லும் சமையற் படகும் உண்டு. சமையற் படகில் ஒருவர் மாவரைக்கிறார், ஒருவர் அப்பம் சுடுகிறார், இறைச்சி தொங்குகிறது. வேறு இரு படகுகளுக்கு இடையே மீன்வலை விரிந்திருக்கிறது. நைல் நதி வடக்கு நோக்கிப் பாய்வது. அங்குப் பெரும்பாலும் வீசுவதோ வடகாற்று. ஆகவே தெற்கே செல்வோர் பாயை விரிப்பர். வடக்கே செல்வோர் பாயை இறக்கித் துடுப்பு வலிப்பர். எகிப்தியரின் பட எழுத்திலும் தெற்கே செல்லுதலைக் குறிக்கப் பாய் விரித்த படகையும், வடக்கே செல்லுதலைக் குறிக்கப் பாயில்லாத படகையும் வரைந்தனர். மெகெத்ரேயின் படகுகளில் கயிறு எங்குக் கட்டப்பட்டது, சுக்கான் பிடிப்பவன் எங்கு அமர்ந்தான், பாய்மரத்தை இறக்கியபின் எதன்மேல் கிடத்தினர் என்பவை யாவும் கண்கூடாகத் தெரிகின்றன. சுவரில் தீட்டிய ஓவியம் ஒரு பக்கத்தையே காட்டும். மாதிரியைச் சுற்றிவந்து எல்லாப் பக்கத்தையும் காணலாம். இவை இன்று கெய்ரோவிலும் நியூயார்க்கிலுமாகப் பிரிந்து இருக்கின்றன.

மாதிரி கற்பித்த பாடம்

எகிப்தில் 1954-ஆம் ஆண்டு இதனினும் வியத்தகு நிகழ்ச்சி ஒன்று நேர்ந்தது. கூபு மன்னனின் பெரிய பிரமிடின் தெற்குப் பக்கத்தில், கற்பாளங்களால் மூடப்பட்ட நீண்ட குழி ஒன்று வெளிப்பட்டது. அதற்குள் 4,500 ஆண்டு பழமையான ஒரு முழுக் கலம் 1,224 துண்டுகளாகப் பிரித்து அடுக்கி வைக்கப்பட்டிருந்தது. தேவதாரு மரத் துண்டுகள் கெடாமல் இருந்தன. ஆனால் அவற்றை எப்படிச் சேர்ப்பது என்று சொல்ல ஓடாவி எவரும் உலகில் இல்லை.

அப்பணி அகமது யூசுப்பு முசுதபா என்னும் எகிப்தியரிடம் ஒப்படைக்கப்பட்டது. பழம்பொருள்களைச் சீர்செய்வதில் அவர் வல்லவர். ஆனால் கப்பல் கட்டத் தெரிந்தவர் அல்லர். அவர் என் செய்தார்? நைல் கரையில் படகு கட்டும் தச்சர்களிடம் சென்று அவர்கள் தொழிலைக் கண்டறிந்தார். கல்லறைகளில் கிடைத்த மாதிரிப் படகுகளை ஆராய்ந்தார். பின்பு தாமே சிறு மாதிரிகளைச் செய்து பார்த்தார். சிறியதில் தவறினால் பிரித்து மீண்டும் கோக்கலாம். நாலாயிரத்தைந்நூறு ஆண்டுப் பலகையில் அவ்வாறு விளையாட முடியாதன்றோ? பல ஆண்டு உழைப்புக்குப் பின், 43 மீட்டருக்கு மேல் நீளமுள்ள அக்கலம் முழு வடிவம் பெற்றது. 2021-இல் அது எகிப்தின் புதிய பெரிய அருங்காட்சியகத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டது.

அக்கலத்தின் பலகைகள் ஆணியால் அறையப்படவில்லை, கயிற்றால் கட்டப்பட்டிருந்தன. கயிறு செல்லும் துளைகள் பலகையின் உட்புறத்தோடு நின்றுவிடுகின்றன, வெளிப்புறத்தை ஊடுருவவில்லை. நீர்பட்டதும் மரம் உப்பும், கயிறு இறுகும், இடைவெளி தானே அடைபடும். இந்த நுட்பத்தை அகமது யூசுப்பு கையால் கோத்துப் பார்த்தே உணர்ந்தார். மாதிரிக் கலம் வடிவத்தை மட்டும் காப்பதன்று. செய்முறையையும் காக்க வல்லது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

நேர்த்திக்கடனும் அரசாங்கக் கணக்கும்

ஐரோப்பாவின் கடற்கரை ஊர்களில், புயலில் பிழைத்த மாலுமிகள் தாம் சென்ற கப்பலைப்போல ஒரு சிறு கப்பல் செய்து தேவாலயத்தில் காணிக்கையாகத் தொங்கவிடுவது வழக்கம். இசுப்பெயினில் பார்சிலோனாவுக்கு அண்மையிலுள்ள மத்தாரோ என்னும் ஊரின் சிற்றாலயத்தில் இருந்த அத்தகைய கப்பல் ஒன்று 15-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இன்று ராட்டர்டாம் நகரின் கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. காணிக்கைக் கப்பல்கள் பல வெளித்தோற்றத்தை மட்டும் காட்டுவன. மத்தாரோக் கப்பலைச் செய்தவனோ, மெய்யான கப்பலைக் கட்டுவது போலவே சட்டங்களை நிறுத்திப் பலகை பொருத்தினான். தளத்தைத் தாங்கும் உத்திரங்களின் நுனிகள் பக்கப் பலகைகளைத் தாண்டி வெளியே நீண்டிருப்பதும் அதில் தெரிகிறது. கொலம்பசு கடல் கடந்த அந்த நூற்றாண்டின் கப்பல்களைப் பற்றி ஆராய்வோர் அச்சிறு கப்பலை மீண்டும் மீண்டும் நாடுகின்றனர். அதனைச் செய்தவன் பெயர் எவருக்கும் தெரியாது. அவன் கைந்நேர்மை மட்டும் நிலைத்துவிட்டது.

17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கடற்படை வாரியத்தார் மாதிரிக் கப்பலை அரசியல் அலுவலுக்குரிய கருவியாக ஏற்றனர். கால் அங்குலத்தை ஓர் அடியாகக் கொண்டு, அதாவது நாற்பத்தெட்டில் ஒரு பங்காக, அவை செய்யப்பட்டன. 150 அடிக் கப்பல் 37½ அங்குலத்தில் மேசைமேல் வந்து நின்றது. அடிப்பகுதியில் பலகை பொருத்தாமல் விட்டு, ஏராவும் வங்குகளும் வெளியே தெரியும்படி அவற்றை அமைத்தனர். ஏரா என்பது கலத்தின் அடியில் முதுகெலும்பு போல ஓடும் மரம். வங்கு என்பது அதிலிருந்து இருபுறமும் வளைந்து எழும் விலாச் சட்டம். நாட்குறிப்பால் புகழ்பெற்ற சாமுவேல் பீப்சு, கடற்படை அலுவலகத்தில் அமர்ந்தபோது கப்பலைப் பற்றி அறியாதவராகவே இருந்தார். 1662-இல் அனுபவமுள்ள மாலுமி ஒருவரை ஆசிரியராகக் கொண்டு, மாதிரிக் கப்பலின் துணையால் அதன் உறுப்புகளைக் கற்றுக்கொண்டார். பிற்காலத்தில் அவரை ஏமாற்றுவது கப்பல் ஒப்பந்தக்காரர்களுக்கு எளிதாக இருக்கவில்லை!

அவ்வழியில் வந்த மாதிரிகளின் பெருந்தொகுதி ஒன்று பலர் கை மாறி, எச். எச். இராசர்சு என்ற செல்வரிடம் சேர்ந்து, 1935-இல் அவர் விருப்ப ஆவணத்தின்படி அமெரிக்கக் கடற்படைக் கல்லூரியை அடைந்தது. அவை குறிக்கும் பெருங்கப்பல்களோ போரிலும் காலத்திலும் அழிந்துபோயின.

சிறைக்கைதிகள் செய்த கப்பல்கள்

வாரியத்தின் மாதிரிகள் தேர்ந்த தொழிலாளர் செய்தவை. எளிய மனிதர் கையில் இக்கலை எத்தகைய உருவம் பெற்றது என்பதை அறிய, இங்கிலாந்தில் பீட்டர்பரோ நகருக்கு அருகே இருந்த நார்மன் கிராசு சிறைக்குச் செல்லவேண்டும். பிரெஞ்சுப் போர்களில் பிடிபட்டவர்களுக்காக 1797-இல் அச்சிறை திறக்கப்பட்டது; 1814-இல் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கான போர்வீரரும் மாலுமிகளும் அங்கு அடைபட்டுக் கிடந்தனர். ஏறத்தாழ 1,770 பேர் பிணியால் அங்கேயே மாண்டனர்.

உயிரோடிருந்தவர்களுக்குச் செய்ய வேலை இல்லை. விடுதலை நாளும் தெரியாது. அவர்களுள் தச்சர் உண்டு, தந்தத்தில் செதுக்குவோர் உண்டு, கடலிலேயே வளர்ந்தவர் உண்டு. உணவில் கிடைத்த எலும்பைக் காயவைத்துச் சீவிப் பலகையாக்கினர். கிடைத்த மரத்தை உள்ளீடாக வைத்தனர். மயிரிழைகளைத் திரித்துப் பாய்க்கயிறாகக் கட்டினர். சிறை வாயிலில் நடந்த சந்தையில் அவற்றை விற்றுச் சில காசு பெற்றனர். இக்கப்பல்களில் அளவு பிழைபட்டிருக்கும். பாய்மரம் இருக்கவேண்டியதினும் உயர்ந்திருக்கும். கையில் வரைபடம் இல்லை. கண்முன் கப்பலும் இல்லை. தாம் இழந்த கப்பலை நினைவிலிருந்தே செய்தார்கள். நினைவு எதை உயர்வாகக் கருதியதோ அதைக் கையும் உயரமாகச் செய்தது போலும். பிறந்த ஊரைப் பிரிந்து வாழ்வோர்க்கு அந்த உயரத்தின் பொருள் எளிதில் விளங்கும். பீட்டர்பரோ அருங்காட்சியகத்தில் அக்கைதிகளின் கைவேலைகள் இன்றும் காட்சிக்கு இருக்கின்றன.

சிறிய கலம் பெரிய கலத்துக்கு வழிகாட்டல்

இதுகாறும் பெரிய கலத்தைப் பார்த்துச் சிறியது செய்யப்பட்ட வரலாற்றைக் கண்டோம். சிறியதைப் பார்த்துப் பெரியதைக் கட்டிய வரலாறும் உண்டு. அமெரிக்கக் கப்பல் தச்சர்கள் 19-ஆம் நூற்றாண்டில் கலத்தை நெடுக இரண்டாகப் பிளந்தால் தோன்றும் பாதி வடிவத்தை மரத்தில் செதுக்கினர். பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இணைத்து, வடிவம் கண்ணுக்கு நிறைவாகும் வரை இழைத்தனர். பிறகு அடுக்குகளைப் பிரித்து, ஒவ்வொன்றையும் அளந்து, பெருக்கி, முழுக்கலத்தைக் கட்டினர்.

ரோடு தீவு மாநிலத்தில் பிரிசுட்டல் என்னும் ஊரில் எர்சாவு உடன்பிறந்தார் இருவர் இம்முறையில் பெரும்புகழ் பெற்றனர். தம்பி நத்தானியேல் மாதிரியைச் செதுக்குவார். அண்ணன் ஜான் இளமையிலேயே பார்வை இழந்தவர். அவர் அம்மாதிரியை விரல்களால் தடவி அதன் வளைவுகளை அறிவார். 1893 முதல் 1920 வரை அமெரிக்கக் கோப்பைப் போட்டிகளில் அந்நாட்டுக்காக வென்ற பாய்க்கப்பல்கள் நத்தானியேல் வகுத்தவை. கண்ணுக்குத் தெரியாததையும் கை அறியும் என்பதற்கு அவ்வண்ணனே சான்று.

அதே காலத்தில் இங்கிலாந்தில் வில்லியம் பிரௌடு என்னும் பொறியாளர் மாதிரியைக் கொண்டு நீரின் தடையை அளக்க முனைந்தார். 1867-இல் டார்ட்டு ஆற்றில் ‘அன்னம்’, ‘காக்கை’ என்று பொருள்படும் பெயரிட்ட இருவகை மாதிரிகளை வெவ்வேறு அளவுகளில் இழுத்துச் சோதித்தார். கலம் செல்லும்போது எழும் அலை தடைக்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று என்றும், மாதிரியின் வேகத்தைத் தக்கபடி குறைத்தால் பெரிய கலம் எழுப்பும் அலையையே சிறியதும் தன் அளவில் எழுப்பும் என்றும் நிறுவினார். நீளம் இருபத்தைந்தில் ஒரு பங்கானால் வேகம் ஐந்தில் ஒரு பங்காக வேண்டும் என்பது அவர் கண்ட விதியின்படி அமையும் கணக்கு. டார்க்கி நகரில் அவர் 1872 அளவில் அமைத்த சோதனை நீர்த்தொட்டியே, உலகெங்கும் பின்னர் எழுந்த தொட்டிகளுக்கு முன்னோடி. எவ்வளவு பெரிய இரும்புக் கப்பலாயினும் இன்றும் முதலில் சிறு மாதிரியாகத் தொட்டியில் நீந்திக் காட்டுவது வழக்கமாயிருக்கிறது.

பொழுதுபோக்காக மலர்ந்தது

நீராவிக்கும் இரும்புக்கும் இடம் கொடுத்துப் பாய்க்கப்பல் மறையத் தொடங்கிய பின்னரே, மாதிரிக் கப்பல் செய்தல் நடுத்தரக் குடும்பங்களின் பொழுதுபோக்காகப் பரவியது. இழந்த பின்புதானே பொருளின் அருமை தெரிகிறது! 1920-களில் ‘பாப்புலர் சயன்சு’ என்னும் அமெரிக்க இதழ், வீட்டிலேயே கப்பல் செய்வதற்கான படங்களையும் அளவுகளையும் வெளியிட்டது. 1948-இல் இத்துறை ஆர்வலர்கள் தமக்கெனச் சங்கம் ஒன்றை நிறுவிக்கொண்டனர். ஆகசுட்டு கிராப்ட்ரீ என்னும் கலைஞர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டுச் செய்த 16 சிறு கலங்கள், வர்ஜீனியாவிலுள்ள கடலோடிகள் அருங்காட்சியகத்தில் தனிக்கூடமாக விளங்குகின்றன. மிசிசிப்பியின் நீராவிப் படகுகளையும் இன்று பலர் விரும்பிச் செய்கின்றனர்.

இத்தொழிலில் இறங்குவோர் முதலில் கற்பது பொறுமை. மெல்லிய பலகைக் கீற்றை நீரில் ஊறவைத்து, சூடு காட்டி, வளைத்து, ஒரு நாளைக்கு இரண்டு மூன்றுக்கு மேல் பொருத்தாமல் முன்னேறவேண்டும். ஆணிக்கு மாற்றாக மூங்கிலைச் சீவி முளையாக அடிப்பர். பாய்க்கயிற்று நூலுக்குத் தேன்மெழுகு பூசுவர். மரத்தைத் தேர்வதும் ஓர் அறிவு. மெய்யான கப்பலுக்குத் தேக்கு அரசன். மாதிரிக்கு அது சிறப்பன்று. அதன் வரி பரும்படியானது. நாற்பத்தெட்டில் ஒரு பங்கு அளவில் கால் அங்குல வரி ஓர் அடி அகலப் பிளவு போலத் தோன்றும். சீப்பும் கடைசல் பொருளும் செய்ய உதவும் மஞ்சக்கடம்பு போன்ற நுண்வரி மரமே இதற்கு ஏற்றது.

நம் கரைகளின் கலங்கள்

இனி நம் நாட்டுக்கு வருவோம். பிரெஞ்சுக் கடற்படையைச் சேர்ந்த எட்மண்டு பாரி (1806 - 1893) மூன்று முறை உலகப் பயணம் செய்தவர். செல்லும் துறைமுகந்தோறும் அந்நாட்டுப் படகுகளை அளந்து வரைவது அவர் வழக்கம். ஐரோப்பியர் பலர் இழிவாக நோக்கிய கட்டுமரத்தையும் தோணியையும், அவர் போர்க்கப்பலுக்குரிய மதிப்போடு அளந்தார். 1840-களில் வெளிவந்த அவருடைய பெருநூலில், சோழமண்டலக் கரையின் கட்டுமரமும், பலகைகளைக் கயிற்றால் தைத்த சலங்கும் இடம் பெற்றன. 1871-இல் பாரிசு லூவர் மாளிகையிலிருந்த கடற்படை அருங்காட்சியகத்தின் பொறுப்பேற்ற பின், தம் வரைபடங்களைக் கொண்டு மாதிரிகள் பலவற்றைச் செய்வித்தார்.

அந்தச் சலங்கின் அருமையைச் சற்று எண்ணவேண்டும். சென்னையில் செயற்கைத் துறைமுகம் எழுவதற்கு முன், கப்பல்கள் கரைக்குத் தொலைவில் நங்கூரமிட்டு நின்றன. கரையில் உடையும் அலைகளைக் கடந்து மக்களையும் சரக்கையும் கொண்டுவந்தவை, மசூலாப் படகு என்றும் பெயர் பெற்ற இத்தையல் படகுகளே. ஆணி அறைந்த படகு அலையின் அறைதலில் பிளக்கும். கயிற்றால் தைத்த படகோ வளைந்து கொடுத்து மீளும். கட்டுமரத்தின் பெயர் ‘கட்டமரான்’ என்று ஐரோப்பிய மொழிகளுள் புகுந்து உலகெங்கும் வழங்குகிறது. ஆனால் தமிழ்க் கரையில் மரத்தாலான கட்டுமரம் அருகி வருகிறது. 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் கண்ணாடியிழைப் படகுகள் விரைந்து பெருகின. மீனவருக்கு அவற்றால் நன்மை உண்டு. அதனை நாம் குறை கூறலாகாது. கட்டுமரம் கட்டும் அறிவு மட்டும் கேட்பாரின்றி மறையலாகாது என்பதே நம் கவலை.

வங்காளத்தின் ஆறுகளிலும் நிலைமை இதுவே. பாலமும் சாலையும் பெருகப் பாய்ப்படகுகள் குறைந்தன. கொல்கத்தா காங்குர்காச்சியில் உள்ள அம்பேத்கர் பவனத்தில், அம்மாநிலத்துப் படகு வகைகளின் 40-க்கும் மேற்பட்ட மாதிரிகளைக் கொண்ட காட்சிக்கூடம் ஒன்று அமைந்துள்ளது. வங்கப் படகுகளின் கட்டுமுறை ஐரோப்பிய முறைக்கு நேர்மாறானது. அங்கு முதலில் சட்டம் நிறுத்திப் பின்னர்ப் பலகை பொருத்துவர். இங்கோ முதலில் பலகைகளை ஒன்றோடொன்று இணைத்து ஓடு போன்ற உடலை அமைத்து, அதன் பின்னரே உள்ளே சட்டம் வைப்பர். ஆகவே மேனாட்டு மாதிரிப் பெட்டியில் வரும் முறைப்படி வங்கப் படகைச் செய்தால், வடிவம் வரும், உண்மை வாராது. கலம் எந்த வரிசையில் கட்டப்பட்டதோ அந்த வரிசையிலேயே மாதிரியும் கட்டப்படவேண்டும். அப்போதுதான் அது பொம்மை என்ற நிலையைக் கடந்து ஆவணமாகிறது.

மறைந்த கலம் மாதிரியின் துணையால் மீண்டும் கடலேறியதையும் நம் காலத்திலேயே கண்டோம். அசந்தா ஓவியத்தில் காணப்படும் 5-ஆம் நூற்றாண்டுக் கப்பலை மீண்டும் கட்ட இந்தியக் கடற்படை முனைந்தது. ஓவியம் வடிவத்தைக் குறிப்பாக மட்டுமே காட்டியது. வரைபடம் ஏதும் இல்லை. கடலில் அது எவ்வாறு நிற்கும் என்பதைச் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் கடற்பொறியியல் துறையினர் மாதிரி கொண்டு சோதித்தனர். கேரளத்துக் கைவினைஞர்கள் தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்தனர். ‘கௌண்டின்யா’ என்று பெயர் பெற்ற அக்கப்பல், 2025 மே 21 அன்று கார்வாரில் கடற்படையில் சேர்க்கப்பட்டது. அவ்வாண்டு திசம்பர் 29 அன்று போர்பந்தரிலிருந்து மசுகட்டு நோக்கிப் பாய் விரித்தது. ஓவியமும் மாதிரியும் இருந்தும், தைக்கத் தெரிந்த கைகள் இல்லையேல் அக்கப்பல் எழுந்திராது. அக்கைகள் இன்னும் எஞ்சியிருந்தது நம் நற்பேறு.

நாம் செய்யத்தக்கது

நம் குடியிருப்பில் வாழும் குடும்பங்கள் பலவற்றுக்குக் கடலோரத்திலோ ஆற்றோரத்திலோ சொந்த ஊர் உண்டு. கோடை விடுமுறையில் ஊருக்குச் செல்லும் இளைஞர்களும் சிறுவர்களும் ஓர் அளவுநாடாவும் குறிப்பேடும் எடுத்துச் செல்வார்களாக. கரையில் மரப்படகோ கட்டுமரமோ இருப்பின், உடையவரிடம் இசைவு பெற்று அதன் நீளம், அகலம், உயரம் ஆகியவற்றை அளந்து எழுதுக. கட்டுமரமாயின் மரங்கள் எத்தனை, நடுமரம் எவ்வளவு தாழ்ந்துள்ளது, ஓரமரம் எவ்வளவு உயர்ந்துள்ளது, கயிறு எங்கெங்குச் சுற்றப்படுகிறது என்பவற்றைக் குறித்துக்கொள்க. கடலிலிருந்து மீண்டதும் கட்டவிழ்த்து உலர்த்தும் முறையையும் கேட்டறிக. ஒவ்வோர் உறுப்பையும் அவ்வூரார் எப்பெயரால் வழங்குகின்றனர் என்பதை அவர்கள் சொன்னவாறே எழுதுக. அகராதியில் இல்லாத சொற்கள் பல அப்போது கிடைக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, எது முதலில் செய்யப்படுகிறது, எது அடுத்துச் செய்யப்படுகிறது என்று முதிய ஓடாவியிடம் கேளுங்கள். கேட்பதற்கு நாம் செல்லும்போது அவர் இருக்கவேண்டும். அந்த வாய்ப்பு ஆண்டுக்காண்டு குறைந்துவருகிறது.

ஊரிலிருந்து திரும்பிய பின் அவ்வளவுகளைக் கொண்டு, பத்தில் ஒரு பங்காக, அதே வரிசையில் மாதிரியைச் செய்யலாம். 20 அடிக் கட்டுமரம் இரண்டடியில் அடங்கும். சிறிய அரம், கூரிய கத்தி, உப்புத்தாள், சணல் நூல் ஆகியவை போதும், பெருஞ்செலவு இல்லை. பெரியோர் அருகிருந்து கத்தி பிடிக்கக் கற்பித்தால், தந்தையும் மகளும் தாத்தாவும் பேரனும் ஒரே மேசையில் அமர்ந்து செய்யத்தக்க வேலை இது. முடிந்த மாதிரியோடு அளவுக் குறிப்பையும், ஊரின் பெயரையும், கற்பித்த ஓடாவியின் பெயரையும் சேர்த்து வைக்கவேண்டும். மத்தாரோக் கப்பலைச் செய்தவன் பெயர் மறைந்ததுபோல நம் ஓடாவியின் பெயர் மறைய நாம் விடலாகாது. சங்கத்தின் நூலகத்தில் ஒரு கண்ணாடி அலமாரி ஒதுக்கப்படுமாயின், ஆண்டுக்கு ஒரு கலமேனும் அதில் வந்து சேரும்.

மெகெத்ரேயின் தச்சன் தன் தலைவனுடைய மறுமைக்காகச் செய்தான். நார்மன் கிராசுக் கைதி ஒரு நாள் உணவுக்காகச் செய்தான். இருவரும் தாம் அறிந்த கலத்தை நேர்மையோடு செய்தனர். அதனால் அவர்கள் அறிந்தது நமக்கும் எட்டியது. நாம் அறிந்த கலங்களும் நம் பேரப்பிள்ளைகளுக்கு எட்டவேண்டுமாயின், கரையில் அவை இன்னும் நிற்கும்போதே அளக்கத் தொடங்குவோமாக.